‘வேணுமா?’ என்று கேட்ட கணினி

அண்ணியின் ஆள்காட்டி விரல் விசைப்பலகைக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. நான் அவருக்குப் பின்னால், என் வாயை என் கையாலேயே பொத்திக்கொண்டு நின்றேன்.

பினாங்குத் தீவில், டத்தோ கிராமாட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்கூடம். சனிக்கிழமை மத்தியானம். தலைக்கு மேல் காற்றாடி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் எனக்கு முதுகெல்லாம் வியர்வை. வாசலில் ரொட்டிக்காரர் தன் மோட்டார் சைக்கிள் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் சில்லறையை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தார்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு கேள்வி நின்றது. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். “இந்தப் பகுதியில இருக்குற பழைய ஃபைல் வேணுமா?” அதன் கீழே, ஒன்றை அழுத்தினால் வேணும், இரண்டை அழுத்தினால் வேணாம்.

அண்ணி ஒன்றைத்தான் அழுத்தப் போனார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இந்தத் தொடரின் போன வார அத்தியாயத்தைப் படித்த ஒரு வாசகி, “கணினிக்கு முன்னால் உட்காருவதற்கு இத்தனை பயமா?” என்று கேட்டிருக்கிறார். அம்மா, நீங்கள் பிந்திப் பிறந்த புண்ணியவதி. இப்போது எல்லாம் தானாக நடக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு புதிய இயங்குதளத்தைக் கணினியில் நிறுவுவது என்றால், கண்ணைக் கட்டிக்கொண்டு அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் தாளிப்பது மாதிரி. இயங்குதளம் என்பது கணினியை எழுப்பி உட்காரவைத்து வேலை வாங்குகிற அடிப்படை மென்பொருள். அதில் கை வைத்தால், மேலே இருக்கும் எல்லாமே ஆடும்.

பயப்படுவதற்குச் சம்பளம்

எனக்கு அப்போது புக்கிட் தெங்கா தொழிற்சாலை ஒன்றில் வேலை. மின்சுற்றுப் பலகைகளைச் சோதித்துப் பார்க்கும் பொறியாளர். வருகிற ஒவ்வொரு பலகையையும் “இது எங்கே கெட்டுப்போகும்?” என்ற கண்ணோடு பார்க்க வேண்டும். கெட்டதையே எதிர்பார்ப்பதற்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்து ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது.

எங்கள் வீட்டில் பயம் பரம்பரைச் சொத்து. அண்ணன் சிவநேசனுக்குப் பெரிய பங்கு. அரசாங்கத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை பார்த்தார். மழை தூறினால் குடை, தூறாவிட்டாலும் குடை. அவருடைய வாயிலிருந்து அதிகம் வருகிற சொல் “வேணாம்”. மீன் கடையில் பேரம் பேசாதே, வேணாம். அந்தக் குறுக்குச் சந்து வழியாகப் போகாதே, வேணாம். அண்ணி கமலா கல்யாணமாகி வந்த புதிதில் கார் ஓட்டப் பழகட்டுமா என்று கேட்டார். “வேணாம் கமலா, ரோட்டுல எவனும் பார்த்து ஓட்ட மாட்டான்.” ஒரு துணிக்கடையில் வேலைக்கு ஆள் தேடினார்கள். “வேணாம், நாள் பூரா நிக்கணும்.”

அண்ணன் கெட்டவர் இல்லை. அதட்டியோ கை நீட்டியோ நான் பார்த்ததில்லை. பயந்து பயந்து, அன்பாகவே சொல்லுவார். அதனாலேயே அண்ணியால் எதிர்த்துப் பேச முடியவில்லை. எனக்குப் பல நாள் பற்றிக்கொண்டு வரும். நான் கத்துவேன், அண்ணி என்னைச் சமாதானப்படுத்துவார். இதுதான் வீட்டு வழக்கம்.

அப்படிப்பட்ட அண்ணி ஒரு வேணாமைத் தாண்டிவிட்டார். அலுவலக நிர்வாகத்தில் பகுதிநேர டிப்ளோமாவுக்குச் சேர்ந்தார். அவருக்காகவே அந்தக் கணினி வாங்கப்பட்டது. அண்ணன் அதற்கு மேல் ஒரு பூப்போட்ட துணியைப் போர்த்தி வைத்திருப்பார். அண்ணியின் இறுதி ஆய்வேடு திங்கட்கிழமை கல்லூரிக்குப் போயாக வேண்டும். தலைப்பு என்ன தெரியுமா? ஒரு சிறிய அலுவலகத்தில் கோப்புகளைத் தொலையாமல் பாதுகாப்பது எப்படி. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை.

திரை எரிந்துபோகலாம்

லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் அப்போதுதான் எங்கள் காதுக்கு வந்தது. முகுந்தன்தான் கொண்டுவந்தான். என்னோடு படித்தவன், செபராங் ஜெயாவில் ஒரு கணினிக் கடையில் பழுதுபார்க்கும் வேலை. கெட்டிக்காரன், கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

நான் முதல்முதலாக அதை நிறுவிய கதையைச் சொல்லியாக வேண்டும். பாதி வழியில் அது என்னிடம் கேட்டது: உன் திரை வினாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கும்? எனக்கு எப்படித் தெரியும்? வாங்கும்போது கடைக்காரர் சொன்னாரா? கூடவே ஒரு எச்சரிக்கை, தவறான எண்ணைக் கொடுத்தால் திரை பழுதாகலாம். நான் ஒரு கையில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு மறு கையால் எண்ணைத் தட்டினேன். திரை எரியவில்லை. கோடு கோடாக இழுத்துவிட்டுக் கறுத்துப்போனது. அன்றிரவு நான் சாப்பிடவே இல்லை.

படித்தவளுக்கே இந்தப் பாடு என்றால், புதிதாக வருகிறவர்களுக்கு? அந்தக் கேள்விதான் எங்கள் வேலையைத் தொடங்கிவைத்தது. நிறுவும்போது வருகிற கேள்விகளையெல்லாம் குறைத்து, கணினி தானாகக் கண்டுபிடிக்கக்கூடியதைத் தானாகக் கண்டுபிடிக்க வைத்து, மிச்சத்தை நாம் வீட்டில் பேசுகிற தமிழில் கேட்க வேண்டும். தமிழ் எழுத்தை அந்தத் திரையில் காட்ட எங்களுக்கு வழி தெரியவில்லை. ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதினோம். முடிவில் “சரி, கொஞ்சம் பொறுங்க” என்று வரும். அதைப் பார்த்து நாங்கள் இருவரும் பூரித்துப்போனோம்.

ஒரே ஒரு விஷயத்தில் எங்களுக்குள் சண்டை. எல்லாக் கேள்விக்கும் பதில் வாங்கிய பிறகு, கடைசியாக ஒருமுறை “இப்படித்தான் செய்யப் போறேன், சரியா?” என்று கேட்டுவிட்டுத்தான் கோப்புகள் இருக்கும் வட்டைத் தொட வேண்டும் என்றேன் நான்.

“திரும்பத் திரும்பக் கேட்டா ஆளு பயந்துடும் விஜி. சூசா இல்லாம போகணும்லா, அதுக்குத்தானே இதையே செய்றோம்?” என்றான் முகுந்தன். சூசா என்றால் சிரமம். மலாய்ச் சொல், எங்களுக்கு அதைவிட்டால் வேறு சொல் வராது.

அவன் சொன்னபடியே வைத்தோம். ஒரு பதில் வந்தால் உடனே வேலை நடக்கும்.

வாய் திறக்கக் கூடாது

எங்கள் நிறுவியை, அதாவது கேள்வி கேட்டு நிறுவுகிற அந்த மென்பொருளை, ஒன்றுமே தெரியாத ஒருவர் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு முகுந்தன் ஒரு சட்டம் போட்டிருந்தான். பின்னால் நிற்கிறவர்கள் வாய் திறக்கக் கூடாது. உதவி செய்தால் நம் தவறு எங்கே என்று நமக்கே தெரியாது.

“நான் பண்றேன் விஜி. எனக்குத்தானே ஒண்ணும் தெரியாது, நல்லாத்தான் இருக்கும்” என்று அண்ணி தானாகவே முன்வந்தார்.

“ஆய்வேடு உள்ள இருக்கே அண்ணி?”

“டிஸ்கெட்ல ஏத்தி வச்சிருக்கேன். அதோட, அது இருக்குற பகுதிய வேணும்னு சொல்லிட்டா அது தொடாதுன்னு நீதானே சொன்ன?”

உண்மைதான். வட்டு மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முதலாவதில் பழைய இயங்குதளம், இரண்டாவதில் ஆய்வேடு, மூன்றாவது காலி. முதல் இரண்டுக்கும் வேணும், மூன்றாவதற்கு வேணாம். அவ்வளவுதான் வேலை. அண்ணனிடம் சட்டத்தை இரண்டு முறை சொன்னேன். தலையை ஆட்டினார்.

முதல் பகுதிக்கு அண்ணி நிதானமாகப் படித்து ஒன்றை அழுத்தினார். இரண்டாவது பகுதிக்கான கேள்வி வந்தது. அவருடைய விரல் ஒன்றை நோக்கி இறங்கியது. அந்த நேரம் பார்த்து அண்ணன் ரொட்டியோடு உள்ளே நுழைந்தார். திரையில் ‘பழைய ஃபைல்’ என்ற சொற்களைப் பார்த்தார், மனைவியின் விரல் இறங்குவதைப் பார்த்தார். எல்லாம் அழியப் போகிறது என்று நினைத்துவிட்டார்.

“வேணாம்! கமலா, வேணாம்!”

அண்ணியின் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு பக்கத்து விசைக்கு நகர்ந்தது. இரண்டை அழுத்திவிட்டார்.

திரையில், “சரி, கொஞ்சம் பொறுங்க.”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று எழுதினால் பொய். கால் ஓடியது. மேசைக்கடியில் பாய்ந்து, முட்டி தரையில் இடிக்க, பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். கணினியின் விசிறி மெல்ல ஓய்ந்து நின்றது. வெளியே ரொட்டிக்காரரின் ஹாரன் அடுத்த வீதியில் கேட்டது.

சத்தம் வந்ததா?

“அழிச்சிருச்சா?” என்றார் அண்ணி.

எனக்குத் தெரியவில்லை. முகுந்தனின் கடைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். “நீ பிளக்க புடுங்குறதுக்கு முன்னாடி வட்டுலேர்ந்து கரகரன்னு சத்தம் வந்துச்சா? வரலைன்னா பகுதிகளுக்கு நடுவுல இருக்குற எல்லைக்கோட்டதான் மாத்தியிருக்கும், உள்ள கைய வச்சிருக்காது. வந்திருந்தா சொல்ல முடியாது. யாரும் திரும்ப சுவிச்சப் போடாதீங்க. நான் வர்றேன்.”

சத்தம் வந்ததா? நான் கேட்டேனா? என் காதில் என் நெஞ்சு அடித்துக்கொண்டதுதான் நினைவிருக்கிறது. அண்ணி வரவில்லை என்றார். அண்ணன் வந்தது என்றார், பிறகு அது காற்றாடிச் சத்தமாக இருக்கலாம் என்றார், பிறகு மறுபடி வந்தது என்றார். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

டிஸ்கெட்டுகளை எடுத்து வந்தோம். அண்ணி அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள், குளியலறைப் பக்கத்து அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். ஒன்றன் தகட்டு மூடியை நகர்த்தி, உள்ளேயிருக்கும் கறுப்பு வட்டத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். பூஞ்சை. பினாங்கு ஈரம் செருப்பையே விடாது, டிஸ்கெட்டையா விடும்? அடுத்ததும் அப்படித்தான், அதற்கடுத்ததும்.

அண்ணி டப்பாவை மூடி வைத்தார்.

முகுந்தன் கடலுக்கு அக்கரையிலிருந்து வர வேண்டும். ஃபெரி வரிசையில் மோட்டார் சைக்கிளோடு நிற்கிறானா, ஏறிவிட்டானா, ஒன்றும் தெரியாது. கையில் தொலைபேசி இல்லாத காலம். நான் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். அவன் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்குவது போலவே மனசுக்குள் ஓடியது. ஆய்வேடு போனால் இந்த முறை டிப்ளோமா கிடையாது. மறுபடி சேர வேண்டுமென்றால் அண்ணன் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரியும். அவர் மறுபடி அதைத் தாண்டுவாரா? எனக்கு நம்பிக்கை இல்லை.

கூடத்தில் அண்ணன் மெதுவாகப் பேச்செடுத்தார். “நான் அழிக்க வேணாம்னுதான் சொன்னேன் கமலா.”

“அது கேட்டுச்சு, வேணுமான்னு. நீங்க சொன்னீங்க, வேணாம்னு. அழுத்திட்டேன்.”

“நீ படிச்சிட்டுத்தானே இருந்த? வேணும்னு உனக்கே தெரியுமே. நான் சொன்னா ஏன் மாத்தி அழுத்துன?”

அண்ணி மடியில் இருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க வேணாம்னா நான் விட்டுடுவேன். எத்தன வருசமா அப்படித்தானே? கை அதுவா போயிருச்சுங்க.”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. அண்ணன் கையிலிருந்த ரொட்டிப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். நான் அடுப்படிக்குப் போய் ஒரு காரணமும் இல்லாமல் தண்ணீர் குடித்தேன்.

உதட்டைப் பிதுக்கவில்லை

முகுந்தன் வியர்வையில் சட்டையெல்லாம் நனைந்து வந்து சேர்ந்தான். தன் டிஸ்கெட்டைப் போட்டுக் கணினியை எழுப்பினான். எண்களாகத் திரை நிறைந்தது. ஒரு எல்லையை ஊகித்துப் போட்டான், ஒன்றும் வரவில்லை. இன்னொன்று, அதுவும் இல்லை. அண்ணி அவனுக்கு ஒரு குவளை தே-ஓ, பால் சேர்க்காத தேநீர்தான், கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போனது.

“சத்தம் வந்திருக்கு” என்றான் கடைசியில். “முன்பக்கம் கொஞ்சம் கடிச்சிருக்கு. ஆனா உள்ள என்னென்ன எங்கெங்க இருக்குன்னு வட்டு ரெண்டு காப்பி எழுதி வச்சிருக்கும் அக்கா. ரெண்டாவது காப்பிய இன்னும் தொடல.”

அவன் எதையோ தட்டினான். கோப்புகளின் பெயர்கள் வரிசையாக இறங்கின. அண்ணி திரைக்கு மிக அருகில் குனிந்து ஒவ்வொரு பெயராக வாய்க்குள் படித்தார். ஓர் அத்தியாயம் திறந்தது. அடுத்தது திறந்தது. கடைசி அத்தியாயம் மட்டும் பாதிக்கு மேல் கிறுக்கலாக வந்தது.

“அது பரவால்ல தம்பி. அது என் தலைக்குள்ள இருக்கு” என்றார் அண்ணி. அப்போதுதான் அவர் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். நான் கூடத்துத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆறிய தே-ஓவை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, முகுந்தன் தலையைச் சொறிந்தான். “பேசாம இங்கிலீஷ்லயே யெஸ், நோன்னு கேட்டுடலாமா?”

“அதுலயும் இதே கததான்” என்றேன் எரிச்சலோடு. “கடைசில ஒரு தடவ கேக்கணும்னு நான் அப்பவே சொன்னேன்.”

“வைக்கிறேன்லா, வைக்கிறேன்.”

“கடைசில கேக்குறது இருக்கட்டும். முதல்ல கேக்குறதே தப்பு தம்பி” என்றார் அண்ணி. “வேணுமா, வேணாமான்னு கேட்டா, எதுக்கு வேணாம்? ஃபைல் வேணாமா, அழிக்க வேணாமா? நான் அலமாரி ஒதுக்குறப்ப இவங்கள வேணுமான்னு கேக்கவே மாட்டேன். கேட்டா குழப்பிடுவாங்க. பழைய சட்டைய கையில புடிச்சுக்கிட்டு கேப்பேன். வச்சிக்கவா, தூக்கிப் போடவா?”

முகுந்தன் அவரையே பார்த்தான். பிறகு குனிந்து, அந்த வரியை எழுத்துக் கூட்டித் தட்டினான். வச்சிக்கவா? தூக்கிப் போடவா?

“யாரும் எதையும் அழுத்தலன்னா என்னக்கா செய்யறது? பேசாம பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா?”

“பேசாம இருந்தா வச்சிக்கணும். இதக் கூடவா கேப்பாங்க?”

அதையும் சேர்த்தான். மறுபடி ஓட்டிப் பார்த்தது அவனுடைய காலி வட்டில்தான். அண்ணியின் கணினியை நான் அதற்குப் பிறகு யாரையும் தொட விடவில்லை.

ஞாயிறு முழுக்க அண்ணி கடைசி அத்தியாயத்தைத் திரும்பத் தட்டெழுதினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அடிக்கடி சேமிக்கச் சொல்லி அவர் உயிரை வாங்கினேன். திங்கட்கிழமை ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

கைப்பை

அந்த நிறுவியைப் பிறகு பல வீடுகளில் ஓட்டினோம். ஒரு பெரியவர் “தூக்கிப் போடவா” என்பதைப் பார்த்துவிட்டு, கணினியையே தூக்கிப் போடுமோ என்று கேட்டார். மற்றபடி யாரும் குழம்பவில்லை. பிறகு பெரிய பெரிய ஆட்கள் செய்த நல்ல நிறுவிகள் வந்தன, எங்களுடையது யாருக்கும் தேவைப்படவில்லை. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

அண்ணி தேறினார். சில மாதங்கள் கழித்து, செபராங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. நான் புக்கிட் தெங்காவிலிருந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அண்ணன் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். கணினி மேல் பூப்போட்ட துணி இல்லை, அண்ணி எப்போதோ அதை எடுத்துவிட்டிருந்தார்.

“தினமும் ஃபெரி ஏறணுமே கமலா. மழைக்காலத்துல அந்தப் பக்கம் பஸ்ஸும் ஒழுங்கா வராது. சாயங்காலம் இருட்டிடும். எதுக்கு...”

அடுத்த சொல் எனக்குத் தெரியும். நான் சண்டைக்குத் தயாராகி நிமிர்ந்தேன்.

அண்ணி அவர் கையிலிருந்து கடிதத்தை மெல்ல வாங்கினார். பழைய சட்டையைப் பிடிப்பது போல இரண்டு விரலால் அதைத் தூக்கிக் காட்டினார்.

“வச்சிக்கவா? தூக்கிப் போடவா?”

அண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். கடிதத்தைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் என் வாயை என் கையாலேயே பொத்திக்கொண்டேன்.

காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணி அவசரப்படவில்லை. பதில் வருமா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

வரவில்லை. அவர் கடிதத்தை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.